சோந்தால்: ஒரே பெயர், உறவில்லாத இரண்டு மொழிகள்

மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில் சான் பெத்ரோ ஹுவாமெலுலா என்று ஓர் ஊர். அதன் மேயர் மணப்பெண் உடை அணிவித்த முதலை ஒன்றை மணம் முடித்தார் என்ற செய்தி 2023ஆம் ஆண்டின் நடுவில் உலகெங்கும் பரவியது. அது சோந்தால் பழங்குடியினரின் பழைய சடங்கு என்று செய்திகள் கூறின. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2020 நவம்பரில், அதே நாட்டின் தபாஸ்கோ மாநிலத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும் சோந்தால் மக்களின் பெயர் அடிபட்டது. இரண்டையும் படித்தவர்கள், முதலைச் சடங்கு நடத்துபவர்களும் வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் ஒரே இனத்தவர் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிலர் ஒரு படி மேலே போய், முதலைச் சடங்கை மாயா நாகரிகத்தின் எச்சம் என்றும் எழுதினார்கள்.

இரண்டும் தவறு. ஹுவாமெலுலாவின் சோந்தால் மக்களும் தபாஸ்கோவின் சோந்தால் மக்களும் வெவ்வேறு மக்கள். அவர்கள் பேசுவது உறவே இல்லாத இரண்டு மொழிகள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. பெயர் மட்டுமே பொது, அந்தப் பெயரும் அவர்கள் தாமாக வைத்துக்கொண்டதல்ல. இதைப் பெயர்க் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு மொழி, நன்றாக வாழும் இன்னொரு மொழியின் எண்ணிக்கைக்குப் பின்னால் மறைந்துபோக இந்தப் பெயரே காரணமாகிறது.

பெயர் யார் வைத்தது?

ஸ்பானியர் வருவதற்கு முன் நடு மெக்சிகோவில் அஸ்தெக் பேரரசின் மொழியாக இருந்தது நஹுவாத்ல். வணிகர்களும் படைகளும் போன இடமெல்லாம் அது பொது மொழியாகப் பரவியது. அந்த மொழியில் 'சோந்தால்லி' என்றால் அயலான். தங்களுக்குப் புரியாத மொழி பேசியவர்களை நஹுவாத்ல் பேசுவோர் அப்படி அழைத்தார்கள். வடமொழியாளர் 'மிலேச்சர்' என்றதைப் போல. 16ஆம் நூற்றாண்டில் வந்த ஸ்பானிய அதிகாரிகளுக்கு வழிகாட்டிகளாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் இருந்தவர்கள் நஹுவாத்ல் பேசியவர்கள். ஆகவே அவர்கள் சொன்ன பெயரே பதிவேடுகளில் ஏறியது.

அதன் விளைவாக வரைபடத்தில் பல இடங்களில் 'சோந்தால்' முளைத்தது.

1. தபாஸ்கோ மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய சதுப்பு நிலங்களில் வாழ்பவர்கள். இவர்களின் மொழி, மாயா நாகரிகத்தாரின் மொழிகளான மாயக் குடும்பத்தைச் சேர்ந்தது.
2. ஓஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையிலும் அதன் பின்னால் எழும் மலைகளிலும் வாழ்பவர்கள். இவர்களின் மொழி தெக்கிஸ்த்லாத்தெக் என்னும் சிறு குடும்பம்.
3. கெரேரோ மாநிலத்தில் ஒருகாலத்தில் வாழ்ந்தவர்கள். அவர்கள் மொழி மறைந்துவிட்டது. அது எந்தக் குடும்பம் என்று தீர்மானிக்கும் அளவுக்குச் சொற்கள்கூட எழுதிவைக்கப்படவில்லை.
4. நிகராகுவாவில் சோந்தாலெஸ் என்ற மாவட்டமே இருக்கிறது. அங்கும் இந்தப் பெயர் நஹுவாத்ல் வழிவந்ததுதான்.

இந்தக் கட்டுரை முதல் இருவரைப் பற்றியது.

உறவில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டு மொழிகள் ஒரே குடும்பம் என்றால், இரண்டும் ஒரு மூதாய் மொழியிலிருந்து பிரிந்தவை என்று பொருள். அதற்குச் சான்று, ஒன்றிரண்டு சொற்கள் ஒலியில் ஒத்துப்போவது அல்ல. ஒரு மொழியில் ஓர் ஒலி வரும் இடங்களிலெல்லாம் மற்ற மொழியில் இன்னொரு குறிப்பிட்ட ஒலி ஒழுங்காக வர வேண்டும்; அதுவும் உடல் உறுப்பு, உறவு, எண் போன்ற அடிப்படைச் சொற்களில் வர வேண்டும்.

ஒற்றைச் சொல் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இந்த இரு மொழிகளே நல்ல உதாரணம். தபாஸ்கோ சோந்தாலில் தண்ணீருக்கு 'ஹா' என்பார்கள். ஓஹாக்கா சோந்தாலில் அது 'அஹா'. இவற்றைப் பார்த்தவுடன் உறவு என்றே தோன்றும். ஆனால் தபாஸ்கோவின் 'ஹா', யுகாத்தெக், சோல், கிச்சே முதலிய மாய மொழிகள் பலவற்றிலும் ஒழுங்காக வரும் சொல். ஓஹாக்காவின் 'அஹா'வுக்கு அந்த வரிசையில் இடமில்லை. மற்ற சொற்களை எடுத்து அடுக்கினால் ஒற்றுமை அத்தோடு நின்றுவிடுகிறது. தற்செயல், வேறொன்றுமில்லை.

மாயக் குடும்பத்தில் ஏறத்தாழ 30 மொழிகள் உள்ளன. அதில் சோல் கிளையின் மேற்குப் பிரிவில் சோல் மொழியோடு தபாஸ்கோ சோந்தால் சேர்கிறது. இதில் ஆய்வாளர்களிடையே சர்ச்சை இல்லை. ஓஹாக்கா சோந்தாலின் கதை வேறு. மலைச் சோந்தால், கரைச் சோந்தால், தெக்கிசிஸ்த்லான் ஊரில் பேசப்பட்டு வழக்கொழிந்த தெக்கிஸ்த்லாத்தெக் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் குடும்பம் முழுவதும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேனியல் பிரின்டன், தொலைவில் கலிஃபோர்னியா எல்லையை ஒட்டிப் பேசப்படும் யூமன் மொழிகளோடு இதற்கு உறவுண்டு என்றார். 1915இல் ஆல்ஃப்ரெட் குரோபர் இதை ஹோக்கன் என்ற பெரிய தொகுப்பில் சேர்த்தார். யூமன் மொழிகளிலும் தண்ணீருக்கு 'அஹா' போன்ற சொல் இருப்பது அவர்களைக் கவர்ந்த சான்றுகளில் ஒன்று. பின்னாளில் ஹோக்கன் தொகுப்பின் மீதே பலருக்கு நம்பிக்கை குறைந்தது. 1980இல் லைல் கேம்பெலும் டேவிட் ஓல்ட்ராகியும் ஹோண்டுராஸின் ஹிக்காக்கெ மொழியோடு இதை இணைத்துப் பார்த்தார்கள். அதையும் எல்லோரும் ஏற்கவில்லை. மெக்சிகோவின் தேசியப் பழங்குடி மொழிகள் நிறுவனமான இனாலி, 2008இல் வெளியிட்ட அதிகாரப்பூர்வப் பட்டியலில் நாட்டின் மொழிகளை 11 குடும்பங்கள், 68 மொழித் தொகுதிகள், 364 பேச்சுவழக்குகள் என்று வகுத்தது. அந்த 11 குடும்பங்களில் ஒன்று 'ஓஹாக்கா சோந்தால்'. சில ஆயிரம் பேர் மட்டும் பேசும் ஒரு மொழி, மாயக் குடும்பத்துக்குச் சமமான தனிக் குடும்பம். அது அழிந்தால் ஒரு கிளை அல்ல, ஒரு மரமே போய்விடும்.

தபாஸ்கோ: யோகோத்தான் பேசுவோர்

தபாஸ்கோ மக்கள் தங்கள் மொழியை 'யோகோத்தான்' என்கிறார்கள். 'உண்மையான பேச்சு' என்பது அதன் பொருள். நாகாஹூகா, சென்த்லா, மகுஸ்பானா, சென்த்ரோ, ஹொனூத்தா ஆகிய வட்டாரங்களில் வாழ்கிறார்கள். கிரிஹால்வா, உசுமசிந்தா என்ற இரு பேராறுகள் கடலில் கலக்கும் தாழ்நிலம் அது. நிலத்தைவிட நீர் அதிகம்.

இவர்களின் முன்னோர் படகு வணிகத்தில் பேர்போனவர்கள். 1519 மார்ச்சில் ஸ்பானியப் படைத்தலைவன் எர்னான் கொர்தேஸ் சென்த்லாவில் இவர்களோடு போரிட்டு வென்றான். தோற்ற பொதொன்சான் நகரத்தார் அவனுக்கு அளித்த இருபது பெண்களில் ஒருத்திதான் மலின்த்சின், பின்னாளில் மலிஞ்சே என்று அறியப்பட்டவள். பிறப்பால் நஹுவாத்ல் பேசியவள். சோந்தால் நாட்டில் அடிமையாக வாழ்ந்தபோது மாய மொழி கற்றாள். ஸ்பானிய மொழியிலிருந்து மாய மொழிக்கு ஹெரோனிமோ தெ அகிலார், மாய மொழியிலிருந்து நஹுவாத்லுக்கு மலின்த்சின் என்ற மொழிபெயர்ப்புச் சங்கிலி இல்லாமல் கொர்தேஸ் அஸ்தெக் அரசரிடம் பேசியே இருக்க முடியாது.

ஆறு ஆண்டுகள் கழித்து இந்த மக்களின் இன்னொரு பிரிவு வரலாற்றில் வருகிறது. தோற்கடிக்கப்பட்ட கடைசி அஸ்தெக் அரசர் குவாவ்தேமோக்கைக் கைதியாக இழுத்துக்கொண்டு ஹோண்டுராஸ் நோக்கிப் போன கொர்தேஸ், 1525இல் வழியில் அகலான் நாட்டில் அவரைக் கொன்றான். அகலான் ஒரு சோந்தால் அரசு. இத்சம்கனாக் அதன் தலைநகர். தூக்கிலிட்டதாகக் கொர்தேஸ் எழுதினான். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோந்தால் மொழியிலேயே எழுதப்பட்ட ஓர் ஆவணம், அவருடைய தலையை வெட்டி இலவ மரத்தில் அறைந்தார்கள் என்கிறது. ஸ்பானியரைத் தாக்கலாம் என்று குவாவ்தேமோக் அழைத்தபோது, அகலான் அரசர் பாஷ்போலோனாச்சா யோசித்துப் பார்த்துவிட்டுக் கொர்தேஸிடமே சொல்லிவிட்டார் என்றும் அது கூறுகிறது. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்த அரசரின் வழித்தோன்றல்கள், தங்கள் குடும்பம் ஸ்பானிய மன்னருக்கு ஆற்றிய சேவையை நிறுவிச் சலுகை கேட்பதற்காகத் தயாரித்த ஆவணம் அது. என்றாலும் வென்றவர் அல்லாத ஒரு தரப்பு, தன் மொழியில் அந்தச் சாவைப் பதிவு செய்தது என்ற மதிப்பு அதற்கு உண்டு.

அதன் மொழியியல் மதிப்பு அதைவிடப் பெரிது. பண்டைய மாயக் கல்வெட்டுகளில் ஓர் அரசன் அரியணையில் அமர்ந்தான் என்பதைக் குறிக்க 'சும்' என்ற வினையோடு 'வான்' என்ற ஒட்டு வருகிறது. நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட இந்தச் சோந்தால் ஆவணத்திலும் அரசர் பட்டமேறுவதைச் சொல்லும்போது அதே வினை, அதே ஒட்டு. கல்வெட்டுகளின் மொழி சோல் கிளையைச் சேர்ந்தது என்ற முடிவுக்கு இத்தகைய சான்றுகள் துணைநின்றன. அந்த மொழி சோந்தாலைவிட, சோல் கிளையின் கிழக்குப் பிரிவுக்கே நெருக்கம் என்பது 2000ஆம் ஆண்டு முதல் பலரும் ஏற்கும் கருத்து. நேரடி வாரிசு இல்லை, நெருங்கிய உறவு என்று கொள்ளலாம்.

இன்றைய யோகோத்தானில் ஒரு சிறப்பைச் சொல்லாமல் போக முடியாது. எண்ணோடு, எண்ணப்படும் பொருளின் தன்மையைக் காட்டும் ஓர் ஒட்டைச் சேர்க்க வேண்டும். நாம் 'மூன்று மாடு' என்றும் 'மூன்று பேர்' என்றும் பிரிப்பது ஆளுக்கு மட்டும்தான். அங்கே வடிவத்துக்கும் அது உண்டு. ஒரு பனையின் பெயருக்கு முன்னால் 'உன்-தெக்' என்றால் நிற்கும் ஒரு மரம். அதே பெயருக்கு முன்னால் 'உன்-த்ஸித்' என்றால் அந்த மரத்திலிருந்து எடுத்த ஒரு கம்பு. பெயர்ச்சொல் மாறவில்லை, எண்ணே பொருளை மாற்றிவிடுகிறது. ஆனால் சிறு எண்களைத் தாண்டினால் ஸ்பானிய எண்களே இப்போது வழக்கில் நிற்கின்றன.

தண்ணீரும் எண்ணெயும்

யோகோத்தான் மக்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

1970களின் பிற்பகுதியில் அரசு நாகாஹூகாவின் சதுப்பு நிலத்தில் 'கமெயோனெஸ்' என்ற மேட்டு வயல்களை அமைத்தது. ஏரிச் சேற்றை அள்ளி நீண்ட மேடுகளாக்கி, நடுவே கால்வாய் விட்டு மீன் வளர்ப்பது திட்டம். மெக்சிகோ பள்ளத்தாக்கின் பழைய ஏரி மேட்டுத் தோட்டங்கள்தான் முன்மாதிரி. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கையால் மண் சேர்த்தார்கள். இங்கே இயந்திரம் தோண்டியது. அடியில் கிடந்த களிமண் மேலே வந்து, வளமான மேல்மண் புதைந்தது. என்ன பயிரிடுவது என்பதையும் அதிகாரிகளே முடிவு செய்து, நகரச் சந்தைக்குக் காய்கறி விளைவிக்கச் சொன்னார்கள். அது எடுபடவில்லை. அதிகாரிகளின் பிடி தளர்ந்த பிறகு மக்கள் தங்கள் வழக்கப்படி சோளம், வாழை, பழமரங்கள் என்று நட்டு, மண்ணையும் படிப்படியாகத் தேற்றினார்கள். மேட்டு வயல்கள் பிழைத்தது அதனால்தான். பழங்குடி மக்களுக்காகத் திட்டம் போடுபவர்கள் அவர்களிடம் கேட்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டுகளில் நாகாஹூகாவின் பழங்குடி நல மையத்துக்குத் தலைமை தாங்கியவர், மகுஸ்பானாவில் பிறந்த ஆந்த்ரேஸ் மனுவேல் லோபெஸ் ஒப்ரதோர். 1996இல், எண்ணெய் எடுப்பதால் நிலமும் நீரும் கெட்டதற்கு இழப்பீடு கேட்டுத் தபாஸ்கோவில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் செல்லும் வழிகளை மறித்த போராட்டத்தின் முன்னணியில் அவர் நின்றார். சோந்தால் கிராமத்தினர் பெருமளவில் கூட இருந்தார்கள். காவல்துறையின் அடியில் இரத்தம் தோய்ந்த சட்டையோடு அவர் நிற்கும் படம் நாடெங்கும் அறியப்பட்டது.

2018இல் அவரே நாட்டின் குடியரசுத் தலைவரானார். 2020 நவம்பர் வெள்ளத்தில், மாநிலத் தலைநகர் வியாஎர்மோசாவைக் காக்க மகாயோ மதகை மூடி, நீரைத் தாழ்வான பகுதிகளுக்குத் திருப்பிவிட முடிவெடுத்ததாக அவர் சொன்னார். அதனால் பாதிக்கப்பட்டவர்கள் நாகாஹூகாவின் சோந்தால்கள், மிக ஏழைகள் என்பதையும் அவரே குறிப்பிட்டார். வெளிப்படையாகச் சொன்னது உண்மைதான். ஆனால் நகரத்துக்கு வர வேண்டிய நீரை யார் சுமப்பது என்று தீர்மானித்தபோது, அந்த மக்களோடு வாழ்ந்து பழகிய ஒருவரின் ஆட்சியிலும் விடை மாறவில்லை.

ஓஹாக்கா: மலையும் கரையும்

தெஹுவாந்தெபெக் பூசந்தியின் மறுபக்கம், பசிபிக் கரையில், ஓஹாக்கா சோந்தால்கள். இவர்களுக்கும் தபாஸ்கோவுக்கும் இடையே சப்போத்தெக், மிஹெ, சோக்கெ முதலிய மக்கள் வாழ்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் தங்களை 'ஸ்லிஹுவாலா ஷானுக்' என்கிறார்கள், மலைகளில் வாழ்பவர்கள் என்று பொருள். கரையில் ஹுவாமெலுலாவும் அஸ்தாதாவும் முக்கிய ஊர்கள்.

மலைச் சோந்தாலும் கரைச் சோந்தாலும் நெருங்கிய மொழிகள்தான். ஆனால் ஒருவர் பேச்சை மற்றவர் எளிதாகப் புரிந்துகொள்ள முடியாது. குரல்வளையை மூடித் திறந்து ஒலிக்கும் வெடிப்பொலிகள் பல இவற்றில் உண்டு. கரைச் சோந்தாலில் 'ஃப்' ஒலியையே அப்படி ஒலிப்பார்கள். இது உலக மொழிகளில் அரிது.

மலையில் மொழி இன்னும் ஓரளவு வாழ்கிறது. கரையில் நிலைமை மிக மோசம்: சரளமாகப் பேசுபவர்கள் மிகச் சிலர், அவர்களும் முதியோர். ஸ்பானிய மொழியில் மட்டும் நடந்த பள்ளிகள் இதற்கு முதன்மைக் காரணம். பழங்குடிப் பிள்ளைகளை ஸ்பானியம் பேசுபவர்களாக மாற்றுவதே 1920களுக்குப் பிறகு நீண்ட காலம் நாட்டின் கல்விக் கொள்கையாக இருந்தது. வகுப்பில் தாய்மொழி பேசி அவமானப்பட்ட பெற்றோர், அந்த அவமானம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டிலும் பேசுவதை நிறுத்தினார்கள். கடற்கரைச் சாலையும் வேலை தேடிய இடப்பெயர்வும் மற்றதைச் செய்தன.

முதலைச் சடங்கு ஹுவாமெலுலாவுடையது. புனித பேதுரு திருநாளையொட்டி ஜூன் இறுதியில் நடப்பது. பக்கத்து ஹுவாவே மக்களோடு இருந்த பகை, இரு தரப்புக்கும் இடையே நடந்த ஒரு திருமணத்தால் முடிந்தது என்பது ஊர் மரபு. முதலை ஹுவாவே இளவரசியின் இடத்திலும், மேயர் சோந்தால் அரசரின் இடத்திலும் நிற்கிறார்கள். மழையும் மீனும் விளைச்சலும் வேண்டுகிறார்கள். இரு சமூகங்களின் சமாதானத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சடங்கு, வெளியே வேடிக்கைச் செய்தியாக மட்டும் போய்ச் சேர்வது வருத்தத்துக்குரியது. அந்த ஊரின் மொழி சாகிறது என்பதை அந்தச் செய்திகள் அனேகமாகச் சொல்வதே இல்லை.

மலைப்பகுதியில் இப்போதைய பெரிய பிரச்சினை சுரங்கம். தங்களைக் கேட்காமல் அரசு வழங்கிய சுரங்க உரிமங்களை எதிர்த்து ஊர்ச்சபைகள் ஒன்றுகூடி நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன.

பெயர் ஒன்றானால் என்ன கெடுகிறது?

1. மொழியின் உடல்நிலை தவறாகத் தெரிகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தபாஸ்கோ சோந்தால் பேசுவோர் சுமார் 60,000 பேர். ஓஹாக்கா சோந்தால் பேசுவோர் சுமார் 5,600 பேர். கூட்டினால் 65,000க்கு மேல். இந்தக் கூட்டுத்தொகையைப் பார்ப்பவருக்கு நடுத்தர நலத்தோடு ஒரு மொழி தெரியும். ஹுவாமெலுலாவின் முதியவர்கள் அதில் எங்கும் தெரிய மாட்டார்கள். ஓஹாக்கா எண்ணைத் தனியே எடுத்தாலும், மலையும் கரையும் அதில் கலந்தே இருக்கின்றன.

2. கணக்கெடுப்பிலேயே ஒரு பகுதி தொலைகிறது. 'என்ன மொழி பேசுகிறீர்கள்' என்றால் 'சோந்தால்' என்றுதான் பலர் சொல்வார்கள். எந்தச் சோந்தால் என்று கேட்டு எழுதாவிட்டால், அந்த விடை 'போதிய விவரமற்ற சோந்தால்' என்ற தனிப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மொழியின் கணக்கில் குறைகிறார்.

3. எண் கூடுவதையும் தவறாகப் படிக்கிறோம். தபாஸ்கோ சோந்தால் பேசுவோர் 2010இல் சுமார் 37,000. பத்தே ஆண்டுகளில் 60,000. பிறப்பு விகிதத்தால் இவ்வளவு வளர முடியாது. பேசுகிறேன் என்று சொல்லத் தயங்கியவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்பதே பொருந்தும் விளக்கம். அது மகிழ்ச்சிக்குரியது, ஆனால் குழந்தைகள் வீட்டில் பேசுகிறார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

4. கணினி உலகில் குழப்பம் பெருகுகிறது. சர்வதேச மொழிக் குறியீட்டு முறையில் மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு: தபாஸ்கோவுக்கு சி-எச்-எஃப், மலைச் சோந்தாலுக்கு சி-எச்-டி, கரைச் சோந்தாலுக்கு சி-எல்-ஓ. ஆனால் 'சோந்தால்' என்று மட்டும் குறித்து ஒலிப்பதிவையோ உரையையோ சேமித்தால், மாய மொழி ஒன்றும் தெக்கிஸ்த்லாத்தெக் மொழி ஒன்றும் ஒரே கோப்பில் கலந்துவிடும். எழுத்துமுறைகூட வேறு, தபாஸ்கோ சோந்தாலுக்கு ஆறு உயிரொலிகள், ஆறாவதற்கு மேலே இரு புள்ளி வைத்த தனி எழுத்து.

சட்டம் தருவது

2003 மார்ச்சில் இயற்றப்பட்ட மொழி உரிமைச் சட்டம், எல்லாப் பழங்குடி மொழிகளையும் ஸ்பானியத்தைப் போலவே தேசிய மொழிகள் என்று அறிவித்தது. இனாலி நிறுவனம் பிறந்ததும் அதே சட்டத்தால்தான். 2008 பட்டியலில் ஒவ்வொரு மொழித் தொகுதியும் பேச்சுவழக்குகளாகப் பிரிக்கப்பட்டது வெறும் ஆவண வேலை அல்ல. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் ஒருவருக்கு எந்தப் பேச்சுவழக்கு தெரிந்த மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பதை அந்தப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. ஓஹாக்கா மலையிலிருந்து வந்த ஒருவரின் வழக்கில் யோகோத்தான் பேசுபவரை உட்கார வைத்தால், அவருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாததற்குச் சமம். மருத்துவமனைக்கும் பாடநூலுக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே 'சோந்தால்' என்ற சொல் வரும் எந்தச் செய்தியிலும் முதலில் பார்க்க வேண்டியது மாநிலத்தின் பெயரை; ஓஹாக்கா என்றால், மலையா கரையா என்பதையும். 'சோந்தால் பேசுவோர்' என்று மாநிலமே சொல்லாமல் ஒரே எண்ணைத் தரும் அறிக்கை எதையும், அது எத்தனை பெரிய நிறுவனத்திலிருந்து வந்தாலும், கரைச் சோந்தாலின் நிலையைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்ள முடியாது.